தானாக நகர்ந்த அம்புக்குறி

தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். ஈரத்துணி காயப்போட மாடியில் ஆறு கொடி கட்டியிருக்கிறேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு அடுக்குக் காவித் துண்டுகள் தனியாக உண்டு. வீட்டுத் துண்டை யாருக்கும் கொடுப்பதில்லை. அந்தப் பிசுக்கு எந்த சோப்புக்கும் போகாது. இதற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதும் இல்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தி எனக்கு வெகுநாள் வரவில்லை. முன்னறை மேசைமேல் திறந்தபடி கிடக்கும். ரயில் டிக்கெட் எடுப்பவர், அருவியில் எடுத்த போட்டோவைப் பென்டிரைவில் ஏற்றுபவர், பரீட்சை முடிவு பார்ப்பவர் என்று யார் வேண்டுமானாலும் உட்காரலாம். "அதுக்கென்ன, பாருங்க" என்பேன். அதே கம்ப்யூட்டரில்தான் என் வங்கி வேலையும் நடந்துகொண்டிருந்தது.

கணவர் இருந்தவரை வங்கிப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. அவர் போன பிறகு, பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கும் என் அண்ணன் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்தார். நல்ல மனசுதான். ஆனால் பிரஷர் மாத்திரை வாங்கக்கூட அவரிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஐம்பத்தாறு வயதில் ஆன்லைன் வங்கி பழகினேன். அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பாத்துக்கோட்டி. ஒரே ஒரு தடவ எவனாவது உள்ள பூந்துட்டான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே பாஸ்வேர்டு எல்லாத்தையும் என்கிட்ட தந்துரணும். அப்புறம் பேச்சே கெடையாது."

"சரி" என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான்.

எனக்கு ஒரு குணம், எதையும் என்னவென்று பார்க்காமல் விடமாட்டேன். வங்கியின் முகவரிக்கு முன்னால் நின்ற குட்டிப் பூட்டை அமுக்கிப் பார்த்திருக்கிறேன். அப்டேட் போடவா என்று கேட்டால், என்னத்தை மாற்றப்போகிறது என்று படித்துவிட்டுத்தான் சம்மதிப்பேன். பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, உனக்கு எதுக்கு என்று வாய்விட்டே கேட்டேன். திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னப் படங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். அதனால்தான் போன சீசனில் அங்கே புதிதாக ஒரு நீலப் படம் முளைத்தது உடனே கண்ணில் பட்டது.

அண்ணனின் மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். அருவிக்கு வந்த இடத்தில், மக்கர் பண்ணிக்கொண்டிருந்த பிரிண்டரை அரை மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு வந்த படம் அது. "இது என்னது?" என்று கேட்டேன். "பிரிண்டருக்கு உள்ளதுதான்" என்றார். வீட்டுக்கு வந்த மருமகனை அதற்கு மேல் தோண்டிக் கேட்பது மரியாதையாக இருக்காதே என்று, என் குணத்துக்கு மாறாக, விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். வங்கிப் பக்கத்தைத் திறந்து அந்த மாதச் செலவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கவும் அடுப்பை அணைக்க எழுந்து போனேன். திறந்தது திறந்தபடி விட்டுப் போனது என் தப்பு. திரும்பி வந்தால், மவுஸைத் தொட ஆளில்லை, திரையில் அம்புக்குறி நகர்கிறது.

இன்டர்நெட் வயரைப் பிடுங்கு என்று மனசு சொன்னது. கை போகவில்லை. பயத்தைவிட, இவன் என்னத்தைத் தேடுகிறான் பார்ப்போம் என்கிற ஆசைதான் பெரிதாக இருந்தது. ஆள் அவசரப்படவில்லை. பணம் அனுப்பும் பக்கத்துக்குப் போகவும் இல்லை. செலவுப் பட்டியலை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றான். டிரைவிங் ஸ்கூலுக்கு நான் கட்டிய பணம். கணவரின் கார் ஷெட்டில் தூசி படிந்து நின்றது. யாரிடமும் சொல்லாமல் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். திருடனுக்கு இதில் என்ன வந்தது?

மவுஸைப் பிடித்து முதலில் வங்கியிலிருந்து வெளியே வந்தேன். பிறகு நோட்பேடைத் திறந்து "யாரு?" என்று தட்டினேன். அம்புக்குறி அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் கேள்விக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"பயப்படாத. அண்ணன்தான்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அண்ணன் என்று எவன் வேண்டுமானாலும் எழுதலாமே. ஆள் சரிதானா என்று பார்க்க வங்கிக்காரர்கள் நம்மிடம் ரகசியக் கேள்வி கேட்பார்கள் அல்லவா, நானும் ஒன்று கேட்டேன். "போன வருசம் ஐந்தருவியில யார் துண்டு தண்ணியோட போச்சு?"

திரையில் பதில் வரவில்லை. போன் அடித்தது.

"ஏட்டி, அத மொதல்ல அழி! மருமகன் லீவுக்கு வந்திருக்காரு, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு!" அண்ணன்தான். பின்னால் தக்காளிக்கு விலை கேட்கும் சத்தம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்த நீலப் படம் ஞாபகத்துக்கு வந்தது.

"எத்தன மாசமா அண்ணே பாக்குதீங்க?"

"சீசன்ல இருந்து. ஒன்ன எவனும் ஏமாத்திரக்கூடாதேன்னு பயம்ட்டி. போன்ல இருந்தே பாக்குத மாதிரி மருமகன்கிட்ட நான்தான் போடச் சொன்னேன். இன்னைக்குத்தான் ஒரு தடவ நகத்திப் பாத்துட்டேன். அது கெடக்கட்டும், டிரைவிங் ஸ்கூலுக்கு எதுக்குப் பணம் கட்டியிருக்க?"

"எவனாவது உள்ள பூந்தா பாஸ்வேர்ட உங்ககிட்ட தரணும்னு சொன்னீங்க. பூந்தது நீங்க. இப்ப நான் யார்கிட்ட தரணும்?"

போனில் தக்காளி விலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானே போனை வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்பின் தெரியாத திருடனாக இருந்திருந்தால் போலீசில் சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருப்பேன்.

வயரைப் பிடுங்கினேன். என் போனிலிருந்து வங்கி பாஸ்வேர்டை மாற்றினேன். கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துப் புதிதாகப் போட்டு வாங்கி வந்தேன். வந்தபிறகு ஒரு வாரம் அதன் செட்டிங்ஸைக் குடைந்தேன். அப்போதுதான் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு வாசல் வைக்கலாம் என்று தெரிந்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று வருகிறவர்களுக்கு; அதன் வழியாக வந்தால் டிக்கெட் எடுக்கலாம், படம் பார்க்கலாம், என் பாஸ்வேர்டு இல்லாமல் அந்த நீலப் படம் மாதிரி எதையும் உள்ளே போட்டுவிட்டுப் போக முடியாது, என் கோப்புகளைத் தொட முடியாது. மாடிக் கொடியில் காயும் காவித் துண்டுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. இத்தனை வருடம் இந்த மேசையில் வந்தவர்களுக்கெல்லாம் வீட்டுத் துண்டையே எடுத்து நீட்டியிருக்கிறேன். இரண்டாவது வாசலுக்கு 'விருந்தினர்' என்று பெயர் வைத்தேன்.

ஐந்து மாதம் எட்டிப் பார்க்காத அண்ணன், இந்த ஆனியில் முதல் ஆளாக வந்தார். காபி குடித்துவிட்டு, டிக்கெட் பார்க்கணும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் இரண்டு பெயர்கள். என் பெயரைத் தொட்டார், பாஸ்வேர்டு கேட்டது. என் முகத்தைப் பார்த்தார்.

"மத்ததுல போங்க அண்ணே."

"ஏட்டி, எனக்குமா இது?"

"இங்கன வாற எல்லாருக்கும் அதுதான்."

நான் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. அவர் விருந்தினருக்குள் போய் டிக்கெட்டைப் பார்த்து முடித்து, கேட்காமலே வெளியேறும் பொத்தானையும் அமுக்கினார். நான் அடுக்கிலிருந்து ஒரு காவித் துண்டை எடுத்து நீட்டினேன்.

"கெளம்புங்க, ஐந்தருவிக்குப் போவோம். இந்த வருசமாவது இறுக்கிக் கட்டுங்க."

"ஆட்டோ சொல்லவா?"

"நான் ஓட்டுதேன்."

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்து எனக்குப் பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.