பிஸ்டன் இல்லாத கார்

என் கணவர் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் உருப்படிகளின் அளவைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் பைத்தியம் பிடிக்க வைத்தது ஒரு பழைய ஜப்பான் கார். எஸ்டேட் முதலாளியின் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருடங்களாகக் கிடந்தது. "ஓட வெச்சீங்கன்னா நீங்களே எடுத்துக்கங்க" என்று முதலாளி சிரித்தபடி சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் செருப்பைக் கழற்றும் முன்பே கத்தினார். "ஏம்மா, அதுல பிஸ்டனே இல்ல! ரோட்டரி இன்ஜின்!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நானும் ஷெட்டுக்குப் போனேன். இன்ஜினைப் பிரித்து வைத்திருந்தார். மற்ற இன்ஜின்களில் பிஸ்டன் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். இதிலோ, நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோண இரும்பு சுற்றுகிறது. சுற்றும்போதே அதன் மூன்று பக்கங்களும் மாறி மாறிப் பெட்ரோலை இழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளுகின்றன. அப்படி இரண்டு அறைகள், இரண்டு முக்கோணங்கள். வால்வுகூடக் கிடையாது. கையால் சுற்றிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவேதான். அதனாலதான் அதிரவே அதிராது."

"அப்புறம் ஏனுங்க எல்லாக் காரையும் இப்படியே செய்யல?"

அவர் முக்கோணத்தின் முனையைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு மெல்லிய பட்டை. அறையின் சுவரை உரசிக்கொண்டே ஓடி, காற்று கசியாமல் அடைப்பது அதன் வேலை. அது தேய்ந்தால் அழுத்தம் போய்விடும். தேயாமலிருக்க, பெட்ரோலோடு கொஞ்சம் எண்ணெயையும் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தேன். எல்லாப் பட்டைகளும் தேய்ந்திருந்தன, அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

புதிய பட்டைகள் வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்தன. முதல் முறை ஸ்டார்ட் ஆனபோது ஷெட்டே வெள்ளைப் புகையில் மறைந்தது. புகைக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் எழும்பியது. பானெட் மேல் கையை வைத்தேன். இன்ஜின் ஓடுவதே தெரியவில்லை. "ஓடுது! ஓடுது!" என்று நாங்கள் இருவரும் கத்தியதில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மறுநாள் கழுவுவதற்காக நான்கடி நகர்த்தி நிறுத்தினேன். அவ்வளவுதான், திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. சூடேறும் முன்பே அணைத்ததால் உள்ளே பெட்ரோல் நிரம்பிவிட்டது. பிளக்கைக் கழற்றிக் காயவைத்து ஒருவழியாகக் கிளப்பினோம். அவர் என்னைத் திட்டவில்லை. "சூடாகாம அணைக்கக் கூடாதுன்னு இப்பத் தெரிஞ்சுது" என்றார், ஏதோ பரிசு கிடைத்தது போல.

காரின் பதிவுக் காகிதங்கள் எல்லாம் சரியான பிறகு பைக்காரா வரை போனோம். நான்தான் ஓட்டினேன். வேகம் காட்டும் முள் ஏற ஏற, இன்ஜின் இன்னும் வேகம் கேட்டது. அந்த மகிழ்ச்சியில் திரும்ப மனமில்லாமல் நடுவட்டம் வரை இறங்கி ஒரு கடையில் டீ குடித்தோம். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால், இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

"சூட்டுல அழுத்தம் விட்டுப் போச்சு. தள்ளித்தான் கிளப்பணும்" என்றார் என் கணவர்.

இறக்கமோ கூடலூர்ப் பக்கம், நாங்கள் திரும்ப வேண்டிய ஊட்டிக்கு நேர் எதிர்த்திசை. டீக்கடைக்காரர் வெளியே வந்தார். "எந்தா சார், தள்ளணுமா?"

அவர்கள் இருவரும் தள்ள, நான் இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல், ஒரு இருமல், அப்புறம் அதே ரீங்காரம்! அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுத்தாமல் ஓட்டிப் போய், அகலமான வளைவில் திருப்பி, ஹாரன் அடித்தபடி மேலே வந்தேன். டீக்கடைக்காரர் கைதட்டிக்கொண்டிருந்தார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே நான் காரை நிறுத்த, என் கணவர் ஓடிவந்து ஏறினார். "விடாத, விடாத!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோது ஒரு பட்டையின் மூலை உடைந்திருந்தது. உடைந்த துண்டு அறையின் சுவரில் நீளமாகக் கீறியிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. கீறலில் நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் மாட்டியது.

"அறையையே மாத்தணும்ங்க" என்றேன்.

"மாத்துனாலும் மறுபடி உடையும்."

"உடையட்டும். எனக்கு ஓட்டணும்."

கோயம்புத்தூரில் பழைய உதிரிபாகம் விற்பவர் ஒருவரிடம் அதே அறை கிடைக்க மழைக்காலம் முழுவதும் ஆனது. மறுபடி பூட்டினோம். பெட்ரோல் குடிக்கிறது, எண்ணெய் குடிக்கிறது, குளிர்ந்த காலைகளில் அடம் பிடிக்கிறது. இந்தப் பட்டைகள் எத்தனை நாள் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. போன ஞாயிறு இத்தலார் ரோட்டில் ஒரு நேர்ப்பகுதி காலியாகக் கிடைத்தது. முள் மேலே ஏறியது.

"போதும்மா, போதும்!" என்று கத்தியவர், அடுத்த நொடியே ஜன்னல் கண்ணாடியை இறக்கி இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.