ஜக்கெற் காவல்

குளிர்கால விடுமுறைக்கு நாங்கள் போகும் விளையாட்டுப் பூங்கா ஒரு பெரிய கூரைக்குள்ளே இருக்கிறது. வெளியே மூக்கு நுனி விறைக்கும் குளிர். உள்ளே பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு ஓடித் திரிவார்கள். அதனால் கதவைத் தாண்டியதும் முதல் வேலை உரிப்பதுதான். ஜக்கெற், தொப்பி, கழுத்துத் துணி, கையுறை, உள்ளே போட்ட கம்பளிச் சட்டை என்று நாங்கள் நாலு பேரும் உரித்து முடிக்க, உட்காரும் வாங்கில் ஒரு சின்ன மலை எழும்பிவிடும்.

அந்த மலைக்குக் காவல் இருப்பது என் வேலை.

சுவரோரம் வரிசையாகப் பூட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. மற்றக் குடும்பங்கள் எல்லாவற்றையும் அதற்குள்ளே திணித்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போய்விடும். எங்கள் ஆட்களுக்கு அது சரிவராது. ஒரு வாங்கைப் பிடித்து, ஜக்கெற்றுகளைக் குவித்து, பக்கத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து, நடுவில் ஒரு ஆளை இருத்திவிட்டுத்தான் விளையாடப் போவோம். பெட்டிக்குள் பூட்டினால் சாப்பிடக் கொண்டுவந்த பொரித்த ரோல்ஸ் நசிந்துபோகும், பிள்ளைக்குத் தண்ணீர் விடாய்த்தால் யார் திறந்து கொடுப்பது என்று காரணங்கள் சொல்லுவோம். நான் மற்றவர்களைவிட இரண்டு காரணம் கூடவே சொல்லுவேன்.

ஏனென்றால், பிள்ளைகளே, எனக்கு உயரம் என்றால் பயம்.

லாசால் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் மின்குமிழ் எரிந்துபோனால் மாற்றுவது என் மனைவி. நான் கீழே நின்று கதிரையைப் பிடிப்பேன். 'அம்மாவுக்குத்தான் கை சுறுக்கு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பூங்காவிலும் அப்படித்தான். உயரத்துக்கு ஏறிச் சரிந்து ஓடும் றோலர் கோஸ்ரரில் மகனோடு ஏறுவது மனைவி. நான் ஜக்கெற்றுகளோடு இருந்து பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டு கையசைப்பேன். இப்படியே சில வருடங்கள் நன்றாகப் போயின.

இதெல்லாம் போன குளிர்காலத்தில் கெட்டது. கெட்டதற்குக் காரணம் என் மகள் வளர்ந்ததுதான்.

றோலர் கோஸ்ரர் வாசலில் ஒரு பலகை நிற்கிறது. அதில் ஒரு சிவப்புக் கோடு, அதற்கு மேலே ஒரு பச்சைக் கோடு. சிவப்புக்குக் கீழே தலை நின்றால் ஏறவே முடியாது. பச்சையைத் தாண்டினால் தனியாக ஏறலாம். இரண்டுக்கும் நடுவில் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். முந்தின வருடம் மகள் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றாள். வாசலில் நின்ற பெடியன் தலையை ஆட்டிவிட்டான். அவள் அழவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் கார் யன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தாள். அது அழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாளே அறைக் கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மாதம் ஒருமுறை அதில் சாய்ந்து நின்று அண்ணனைக் கூப்பிட்டு அளந்தாள். கீரை சாப்பிட்டாள். வகுப்பில் தன் தோழிக்கு, 'அடுத்த விடுமுறையில் நான் ஏறுவேன்' என்று சொல்லியும் விட்டாள். தோழி நம்பவில்லையாம். அவளுக்கு எட்டு வயது. எட்டு வயதில் ஒரு வருடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மார்கழி வந்தது. தலை சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பச்சையைத் தாண்டவில்லை. 'பரவாயில்லை, அம்மா கூட வருவா' என்றாள். எனக்கும் அதே நிம்மதிதான்.

விடுமுறைக்கு முந்தின வாரம் ஒரு பெரிய பனி கொட்டியது. காரை வெளியே எடுக்கப் பனியை வழித்த மனைவிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நான் அப்போது பெட்டி செய்யும் ஃபக்ரரியில் வேலையில் நின்றேன். வந்து பார்த்தால் கழுத்தில் பட்டியோடு தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதத்துக்குக் குலுக்கம் கூடாது என்று டொக்ரர் சொல்லிவிட்டாராம்.

பூங்காவில் வழக்கமான வாங்கில் மலையைக் குவித்தோம். மகள் நேராக என் முன்னே வந்து நின்றாள்.

"அப்பா, வாங்கோ."

"அண்ணாவோட போவன், பிள்ளை."

"அண்ணாக்குப் பதினாலு. பதினாறு இருந்தாத்தான் பெரியாள். பலகையிலை எழுதிக் கிடக்கு."

"அப்ப ஜக்கெற்றை ஆர் பாக்கிறது?"

"அம்மா பாப்பா."

"அம்மா கழுத்து நோவோட தனிய இருக்கேலாது. அண்ணா குதிரை ராட்டினத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப்போறான். அது மெல்லமாச் சுத்துறது. ஆசைப்பட்டுக் கேட்டவா."

மனைவி கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்து என் பக்கம் திரும்பினாள். "நான் எப்ப கேட்டனான்?"

"நேற்றுக் கேட்டனீர்."

"நேற்று நான் கேட்டது பெயின் கில்லர்."

நான் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன். வாயில் சாப்பாடு இருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை. மகள் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கார் யன்னல் முகம் திரும்பவும் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அடுத்த வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்கள் போங்கோ அண்ணை. நான் பாக்கிறன்."

திரும்பிப் பார்த்தேன். என்னைவிடப் பெரிய உடம்புக்காரர் ஒருவர். அவருக்கு முன்னே எங்கள் மலையைவிடப் பெரிய மலை. தன் வீட்டு ஆட்களோடு தம்பி வீட்டு ஆட்களுடைய ஜக்கெற்றுகளும் சேர்ந்ததாம். நகரத்தின் மறுபக்கம் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து வந்திருந்தார். மடியில் ஒரு சின்னப் பூட்ஸ் சோடியை வைத்துக்கொண்டு சம்மணம் கட்டாத குறையாக இருந்தார்.

"உங்களுக்கேன் கரைச்சல், அண்ணை" என்றேன்.

"எனக்கென்ன கரைச்சல். பதினொரு ஜக்கெற் பாக்கிறவனுக்கு இன்னும் நாலு பெரிய வேலையோ? போங்கோ. பிள்ளை நிக்குதெல்லே."

எழும்பினேன். மனைவி என் கண்ணாடியைக் கழற்றி வாங்கினாள். காதோடு, "கண்ணாடி இல்லாட்டி கீழ தெரியாது. நல்லதுதானே" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கலியாணம் கட்டின அன்றைக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

வரிசையில் அரை மணித்தியாலம் நின்றோம். பலகைக்கருகில் மகள் முதுகை நிமிர்த்தி நின்றாள். வாசல் பெடியன் அவள் தலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் காட்டி, "அவெக் பப்பா?" என்று பிரெஞ்சில் கேட்டான். அப்பாவோடுதானே என்று அர்த்தம். "வி, அவெக் பப்பா" என்று அவள் சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வரிசை வளைந்து வளைந்து மேலே போகிறது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி எங்கள் தலைக்கு மேலால் கடகடவென்று போகும். முதல் வளைவில் மகள் சிரித்தாள். இரண்டாவதில் பேச்சை நிறுத்தினாள். மூன்றாவதில் ஒரு பெட்டைப்பிள்ளை அழுதபடி இறங்கிப் போவதைப் பார்த்தோம். மகளின் கை என் கைக்குள் ஈரமாகிவிட்டது.

"அப்பா" என்றாள். "இண்டைக்கு வேண்டாம். பேந்து வருவமோ?"

"ஓம், ஓம். பேந்து வருவம். வா" என்றேன். அவள் சொல்லி முடிக்க முதலே திரும்பிவிட்டேன். பின்னால் நின்றவர்களிடம் "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புச் சொல்லி வழியும் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

அவள் அசையவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குச் சந்தோசமா கிடக்கோ?"

"என்ன சந்தோசம்?"

"நான் வேண்டாம் எண்டு சொன்னதுக்கு."

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நிறையக் கைவசம் இருந்தன. ஆனால் அவள் ஒரு வருடம் கதவோடு சாய்ந்து நின்று வளர்ந்த பிள்ளை. நான் விட்டுவிட்டால் அவள் தன்னால்தான் திரும்பினது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். தோழிக்கும் அப்படித்தான் சொல்லுவாள். அது நியாயமில்லை.

"எனக்குப் பயம், பிள்ளை" என்றேன். "உன்னைவிடப் பயம்."

"இதுக்கு மட்டுமோ?"

"ஏணிக்கும் பயம்."

"அதுதான் அம்மா பல்ப் மாத்துறவாவோ?"

"ஓம்."

"அண்ணாக்குத் தெரியுமோ?"

"தெரியாது. சொல்லிப்போடாதை."

வரிசை நகர்ந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா முன்னே போகும்படி கைகாட்டினார். மகள் இரண்டு அடி முன்னே வைத்தாள், பின்னே வைக்கவில்லை.

"எனக்கு மட்டும்தான் பயம் எண்டு நினைச்சன்" என்றாள். "ரெண்டு பேருக்கும் எண்டா பரவாயில்லை. வாங்கோ."

எனக்கும் பரவாயில்லை என்று யார் அவளுக்குச் சொன்னது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

வண்டியில் இருந்தோம். வயிற்றுக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம் இறங்கியது. என் வயிற்றுக்கு அது முழுசாக இறங்கவில்லை. பெடியன் இரண்டு தரம் அமத்திப் பார்த்து, மூன்றாம் தரம் தன் உடம்புப் பாரத்தையும் சேர்த்து அமத்தினான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடுவம்" என்றாள். மூடினோம்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. மெதுவாக மேலே ஏறியது தெரியும். உச்சியில் ஒரு கணம் நின்றதும் தெரியும். அடுத்து வண்டி தலைகுப்புறச் சரிந்து இறங்கியது. 'முருகா' என்று ஒருமுறை மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். மனதுக்குள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு இறக்கத்திலும் சொன்னேன். நாலாவது இறக்கத்தில், எங்களுக்குப் பின்னால் எங்கோ இருந்த ஒருவர் "என்ரை அம்மாளாச்சி" என்று கூடப் பாடத் தொடங்கினார். பக்கத்தில் என் மகள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் கிடக்கிறது. அவள் பயத்தில் சிரித்தாளா, என்னைப் பார்த்துச் சிரித்தாளா என்று தெரியாது. கண்ணை மூடியிருந்தவள் என்னைப் பார்த்திருக்கவும் முடியாது.

இறங்கும்போது பூமி கொஞ்சம் சரிந்து கிடந்தது. மகள் முன்னே ஓடினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கீழே மகன் வாய் கொள்ளாச் சிரிப்போடு நின்றான்.

"அப்பா, ஆரோ முருகா முருகா எண்டு கத்தினது இஞ்சை வரைக்கும் கேட்டுது."

நான் வாயைத் திறக்க முதல் மகள் சொன்னாள். "அது நான்."

"உன்ரை குரல் அவ்வளவு தடிப்போ?"

"பயத்திலை தடிச்சுப் போச்சு."

மனைவி கழுத்துப் பட்டிக்குள்ளே நோகாமல் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். மகனைப் பார்த்து, "ஓமடா, நான்தான். எனக்கு உயரம் பயம்" என்றேன். அவன் ஏதோ பெரிய பகிடி விடுவான் என்று எதிர்பார்த்தேன். "தெரியும் அப்பா" என்றுவிட்டு ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பியர்பொன்ட்ஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு ஜக்கெற்றுகளும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. நன்றி சொன்னேன்.

"இப்ப நீங்கள் போங்கோ அண்ணை. உங்கடையை நான் பாக்கிறன்" என்றேன்.

அவர் அந்தச் சின்னப் பூட்ஸை மடியில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டார். "எனக்கு முதுகு நோ, அண்ணை."

"எப்ப துடக்கம்?"

"நீங்கள் கேட்ட நேரம் துடக்கம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு நான் ஒரு ரோல்ஸ் கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு துண்டு கேக் தந்தார், வெண்ணெய்த்தாளில் சுற்றினது. அதை வாயில் வைத்ததும் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இன்னொருக்கா."

"இன்னொருக்காவோ?"

"முதல் தரம் ஒண்டும் பாக்கேல்லையெல்லே. வகுப்பிலை கேட்டா என்னெண்டு சொல்லுறது? இந்தமுறை ரெண்டு பேரும் கண்ணைத் திறந்து வைச்சிருக்கோணும். சரியோ?"

என் வாய் நிறையக் கேக். தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டாம் தரம் வரிசை குறுகிப்போயிருந்தது. அதே பெடியன் என் வயிற்றை அடையாளம் கண்டு, சொல்லாமலே உடம்பைச் சாய்த்து அமத்தினான். மகள் என் பக்கம் திரும்பி, "திறந்து" என்று ஞாபகப்படுத்தினாள். "திறந்து" என்று நானும் சொன்னேன். வண்டி உச்சியில் நின்றது.

வாக்குக் கொடுத்தது உண்மை. அவள் கடைசிவரை திறந்து வைத்திருந்தாளாம், கூரை விளக்குகள் எல்லாம் ஒரே கோடாகத் தெரிந்ததாம், குதிரை ராட்டினத்தின் உச்சியில் யாரோ விட்டுவிட்ட பலூன் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றதாம். இறங்கி வந்ததும் மூச்சு விடாமல் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம், கண்டனான்" என்றேன். பலூன் என்ன நிறம் என்று அவள் திருப்பிக் கேட்காமல் விட்டது என் நல்ல காலம்.