கூடத்தில் போட்ட குறுக்குக் கோடுகள்

யுத்த காலத்தில் மாதுங்காவில் குடியிருந்தோம். என் கணவருக்கு நடுக்குவாதம். "உடம்பு எப்போது இறுகுகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். நாள் முழுக்க என் கணவரையே பார்த்தேன்.

"என்னடி, வேவு பார்க்கறியா?" என்று எரிந்து விழுந்தார். நான் விடவில்லை.

சமதரையில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறவர், மாடிப்படியில் மட்டும் தடங்கலில்லாமல் ஏறுவதை ஒருநாள் கவனித்தேன். உடனே கோலமாவை எடுத்து, கூடத்தில் படிகளைப்போல் குறுக்குக் கோடுகள் போட்டேன்.

"ஏன்னா, ஒவ்வொரு கோடா தாண்டி வாங்கோ."

முறைத்தபடியே காலைத் தூக்கினார். வாசல்வரை நிற்காமல் நடந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "வெளியிலேயும் போடுடி" என்றார்.

வியாதி தீரவில்லை. ஆனால் அவரால் முடியாததை மட்டுமே அதுவரை நான் பார்த்திருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது.