வலை முடிச்சுப் போட்ட பன்டேஜ்

பிள்ளைகளே, அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் அந்தப் பழைய பன்டேஜை எறியச் சொல்லி இருவரும் என்னை நச்சரிக்கிறீர்கள். ஓரம் நைந்துவிட்டது, ஒரு மூலையை மான் வேறு மென்றிருக்கிறது. ஆனாலும் எறியமாட்டேன். ஏன் என்று எழுதியே வைக்கிறேன். வாயால் சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்கள் அம்மா தாதியர் படிப்புக்காக மட்டக்களப்பில் விடுதியில் இருந்த காலம் அது. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். மற்ற நாட்களில் உங்களைக் குளிப்பாட்டி, சமைத்து, பள்ளியில் விட்டுவிட்டு நான் மீன் துறைமுகத்துக்குப் போவேன். கிழிந்த வலைகளைப் பொத்துவதுதானே என் தொழில். மிஞ்சியதைப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் இருந்து பொத்துவேன். நீங்கள் பக்கத்தில் பாடம் எழுதுவீர்கள்.

சனிக்கிழமை வந்தால் எனக்கு அந்த வீட்டில் இடமில்லை. அம்மா பன்டேஜ் கட்டிப் பழக வேண்டும். யார் முதல் நோயாளி என்று உங்களுக்குள் சண்டை. நான் சோறூட்டக் கூப்பிட்டால் வளவு முழுக்க ஓடுகிற சின்னவன், அம்மா தலையில் சுற்றும்போது கோயில் சிலைபோல இருப்பான். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு வயிறு எரியும். திங்கட்கிழமை அந்தத் துணியைத் தோய்த்து வேலியில் போடுகிறவனும் நான்தான். ஒருநாள், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து மென்றுவிட்டது. “அப்பான்ர பன்டேஜை மான் திண்டிட்டுது!” என்று சின்னவன் கைகொட்டினான். அம்மா கட்டும்போது அது அம்மாவின் பன்டேஜ். மான் தின்றால் மட்டும் என்னுடையது!

ஒரு வெள்ளிக்கிழமை நைலோன் கயிறு இழுபட்டு என் உள்ளங்கை வெட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் கையைக் கழுவிவிட்டு, அந்தப் பன்டேஜைச் சுற்றத் தொடங்கினாள். “அழக்கூடாது, என்ன? விரலை ஆட்டிக் காட்டுங்கோ பாப்பம்.” அப்படியே அம்மாவின் குரல். எனக்கு நொந்தது கை மட்டுமல்ல. என் காயத்தில்கூட என் பிள்ளை அம்மாவாகத்தானே நிற்கிறாள் என்று இருந்தது.

மறுநாள் அம்மா பையைக் கீழே வைக்கமுதலே என் கையைப் பிடித்து அவிழ்க்கப் பார்த்தார். ஏலவில்லை. முடிச்சு புளியங்கொட்டைபோல இறுகியிருந்தது.

“இதென்ன கட்டு? நான் காட்டினது தட்டையா எல்லோ இருக்கும்?”

“அது அப்பான்ர முடிச்சு. வலையிலை போடுறது. உங்களுக்குத் தெரியாது, அம்மா,” என்றாள் மூத்தவள்.

நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. பாடம் எழுதுகிற சாட்டில் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு ஏனோ திரும்ப வைத்துவிட்டார். “நீயே அவிட்டுவிடு, பிள்ளை.” அவள் அவிழ்க்கும்வரை அவளின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “கிழமை முழுக்க உங்களைத்தானே பாத்துக்கொண்டு இருக்குதுகள். எனக்கு எரியுது, இஞ்சேருங்கோ.”

“உமக்குமோ?” என்றேன். பகிடி என்று நினைத்துத் தோளில் அடித்தார்.

இப்போது அம்மா ஆஸ்பத்திரி வாட்டில் தாதியாக வேலை செய்கிறார். யாரோ ஒருவர் தெருவில் மறித்து, “மிஸ்ஸின்ர கை பட்டாலே நோ மாறீடும்,” என்று என்னிடமே சொல்லுவார். ஓம் என்று தலையாட்டுவேன். உள்ளே இன்றைக்கும் கொஞ்சம் எரியத்தான் செய்யும்.

மூத்தவள் அந்த முடிச்சை அவிழ்த்த மறுநாள், ஞாயிறு பின்னேரம், அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது நீங்கள் ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் நான் தனியே. பன்டேஜை எடுத்து, நோகிற கையோடே கதிரைக் காலில் சுற்றினேன். அம்மாவின் முடிச்சைப் போடப் பார்த்தால் விரல்கள் தன்பாட்டில் வலை முடிச்சையே போட்டன. அவிழ்த்தேன், கட்டினேன், திரும்பவும் அவிழ்த்தேன். கடைசியில் தட்டையாக வந்தது. பெருவிரலால் அதைத் தடவிப் பார்த்தேன். பிறகு அவிழ்த்துச் சுருட்டி, அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.