போர்டுக்கு மிச்ச பெயிண்ட்

வீடுகளுக்கு பிளான் போடும் எங்கள் அலுவலகத்தின் நிறம் என்ன என்று கேட்டால், எந்த வருஷத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன். நானும் என் சிநேகிதியும் பாண்டியில் ஒரு தையல் கடையின் மாடியில் அறை பிடித்து ஆரம்பித்த தொழில் அது. ஒவ்வொரு போகியன்றும், அந்த வருஷம் முடித்த ஏதோ ஒரு வீட்டின் மிச்ச பெயிண்டை எடுத்துவந்து வாசல் போர்டுக்கு அடிப்போம். ஆளுக்கொரு புது பிரஷ். அவள் மேலிருந்து வருவாள், நான் கீழிருந்து. விசிட்டிங் கார்டில் ஊதா, பில்லில் சிவப்பு, போர்டில் அந்த வருஷத்து மிச்சம். "பச்சை போர்டுன்னு சொன்னீங்களேம்மா, இங்க ரோஸ் போர்டுதான இருக்கு" என்று தெருவில் நின்று போன் செய்தவர்கள் உண்டு.

போன வருஷம் அவள் குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போவது முடிவாயிற்று. போவதற்கு முன் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். "பேரு, லோகோ, கலரு எல்லாத்தையும் ஒரே மாதிரி புதுசா மாத்திடுடி. வர்றவங்க என்னைத் தேடக் கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போறவ போயேன். போர்டை எதுக்குடி கழட்டச் சொல்ற?" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், போர்டு இறங்கிவிட்டால் அவள் போவது நிஜமாகிவிடுமே என்று பயம்.

கடைசியில் ஒரு டிசைனரை வைத்தோம். சென்னைக்காரர். முதலில் காட்டிய மாதிரியில் எல்லாம் மஞ்சள், வெள்ளைக் கரை. "பாண்டின்னாலே இதான மேடம்?" என்றார். ஹோட்டல் மஞ்சள், பேக்கரி மஞ்சள், பல் டாக்டர் கிளினிக்கும் மஞ்சள். அந்த வரிசையில் போய் நின்றால் எங்களை நாங்களே தேட வேண்டியதுதான். "அப்ப உங்க கலர் என்ன?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவள் போர்டை இறக்கி, வண்டிச் சாவியால் ஓரத்தில் சுரண்டினாள். ரோஸ், பச்சை, சந்தனம், சாம்பல் என்று ஒவ்வொன்றாகப் பெயர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டைச் சொல்லிக்கொண்டே வந்தோம். அடியில் நீலம். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அக்காவுக்கு நாங்கள் போட்ட முதல் பிளான். படகுக்கு வாங்கிய பெயிண்டையே வீட்டுக்கும் அடித்துவிட்டு, மிச்சத்தை டப்பாவோடு எங்களிடம் நீட்டி, "உங்க போர்டுக்கு அடிச்சிக்கோங்க, உப்புக் காத்துக்குத் தாங்கும்" என்றார். அப்படித்தான் அந்த வழக்கமே ஆரம்பித்தது. "இதான்டி நம்ம கலரு" என்றாள் அவள். அழுதுவிட்டோம், இருவரும்தான்.

இப்போது பேரும் லோகோவும் புதிது; கார்டு, பில், பிளான் தாளின் ஓரம், அறைக் கதவு எல்லாம் அந்த நீலம்தான். புது போர்டு தகட்டில், நிறமேற்றியே வந்தது. இனி பெயிண்டே தேவையில்லை என்றார்கள். அதை மாட்டிய மறுவாரம் அவள் விமானம் ஏறினாள். யாரும் இப்போது தெருவில் நின்று போன் செய்வதில்லை. அவள் நினைத்தபடியே, புதிதாக வருகிறவர்கள் அவளைக் கேட்பதுமில்லை.

இந்தப் போகிக்கு முதல் நாள் என் கால் தன்னால் பெயிண்ட் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே, வழக்கம்போல இரண்டு பிரஷ்ஷை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.