ரோஜாவுக்கு என்ன பார்டர்?

இன்று சேத்துப்பட்டு ரோட்டு நர்சரியில் ரோஜாச் செடி வாங்கப் போனேன். துணைக்கு, பட்டுத்தறி நெய்யும் என் வீட்டுக்காரர்.

புடவைக்கு நிறம் சேர்ப்பவரைச் செடி வாங்கக் கூட்டிப்போகக் கூடாது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மெரூன் ரோஜாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது பாடி. பார்டருக்கு இன்னா குடுப்பீங்க?" என்று கேட்டார்.

நர்சரி அக்கா அசரவில்லை. கனகாம்பரத்தைக் காட்டினார்.

"ரெண்டும் அடிச்சிக்குது."

நந்தியாவட்டையைக் காட்டினார்.

"வெள்ள சீக்கிரம் அழுக்காயிடும்."

கடைசியில் ஊதா டிசம்பர் பூவுக்கு வீட்டுக்காரர் தலையாட்டினார்.

"இத ஒரு தபா வெச்சா வருஷா வருஷம் பூக்கும்ணா. ஆனா ரோஜாவுக்கு நல்லா வெயில் வேணும். உங்க வீட்ல எங்க வெயில் அடிக்குது?" என்றார் அக்கா.

இரண்டு செடியையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

எங்கள் வாசலில் வெயில் விழுவது ஒரே மூலையில். அங்கே ஆறு வருடமாக அவருடைய ஓடாத ஸ்கூட்டர் நிற்கிறது. எடுத்துப் போடச் சொல்லி நான் கேட்காத மாதமில்லை. "மெக்கானிக்காண்ட பேசிகினு இருக்கேன்" என்பார்.

இன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஸ்கூட்டரைத் தெருக்கோடிக் காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து மண்ணைக் கொத்தினார்.

வேடிக்கை பார்த்த என்னிடம், "நவுந்து நில்லு, செடிக்கு வெயில மறைச்சிகினு நிக்கற" என்றார்.

எனக்குக் கோபமே வரவில்லை. இந்த வீட்டில் நகர வேண்டிய சாமான்கள் இன்னும் நாலைந்து இருக்கின்றன. எதற்கு எந்தச் செடி வாங்கலாம், சொல்லுங்கள்.