பொட்டு வைத்த பிஸ்டல்

போன வாரம் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போயிருந்தேன். பதறாதீர்கள்... எனக்கு யார் மேலும் கோபமில்லை!

நண்பன் கண்ணனின் மனைவி கலையரசி, கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. விடுமுறை வந்தால் ரைஃபிள் கிளப்பில்தான் இருப்பார். இத்தனை காலமும் கிளப் பிஸ்டலில்தான் குறிபார்த்துச் சுட்டுவந்தார். சொந்தமாக ஒரு பழங்கால பிஸ்டல் வேண்டும், அழகு பார்க்கவும் வேண்டும், சுடவும் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அலையாய் அலைந்து இப்போதுதான் லைசென்ஸ் கைக்கு வந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு பிஸ்டலுக்குத்தான் இடம். தப்பானதை எடுத்துவிட்டால்? மறுபடியும் அதே அலைச்சல்தான்.

கடைக்காரர் மேஜையில் இரண்டை வைத்தார். இரண்டுமே எங்கள் அப்பா காலத்துக்கும் முந்தையவை. ஒன்று கண்ணாடி மாதிரி பளபளத்தது. இன்னொன்று மங்கிப்போன கறுப்பு. மேல்பக்கம் வரிசையாக மூன்று துருப் புள்ளிகள் வேறு.

"என்னண்ணே இது, அம்மைத் தழும்பு மாதிரி?" என்றான் கண்ணன்.

கடைக்காரருக்கு லேசான கூச்சம். "முன்னாடி வச்சிருந்தவரு வருசா வருசம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வச்சிருக்காரு சார். ஈரத்தைத் தொடைக்காம விட்டதுல அந்த எடம் மட்டும் அரிச்சிருச்சு. பாக்க வாரவுக எல்லாம் இதச் சொல்லியே வேணாம்னுட்டுப் போறாக."

லேத் மெஷினில் ஆரம்பித்து லேப்டாப் வரை பொட்டு வைக்கிற ஊர்... பிஸ்டலை மட்டும் விட்டுவிடுமா?

"யோசிக்காத கலை. பளபளன்னு இருக்கறத எடு, அம்புட்டுதான்" என்றான் கண்ணன். நானும் பெரிய நிபுணன் போலத் தலையாட்டினேன்.

கலையரசி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டையும் திறந்து, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தப் பளபளப்புல, மேல செதுக்குன கம்பெனி எழுத்தத் தடவிப் பாருங்க. பாலிஷ் போட்டே தேச்சுட்டாக. வெளிய சிங்காரிச்சவுக உள்ள எண்ணெய் போடல. பேரல் பூராம் சொரசொரப்பு. இப்ப இதப் பாருங்க..."

பொட்டு வைத்த பிஸ்டலின் குழலுக்குள் கண்ணை வைத்தேன். அடேயப்பா! வெள்ளியில் வாய்க்கால் வெட்டியது போல, சுழன்று சுழன்று ஓடுகிற வரிகள். குண்டு நேராகப் போவது இவற்றால்தான். பொட்டுத் துரு இல்லை. நாம் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் மயிரிழை பிசகாமல் அறுத்துவிட்ட வரிகள் அவை. அவர் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் வேலை இன்னும் மின்னுகிறது.

"சாமிப் பொட்டத் தொடைக்க முன்னாடி வச்சிருந்தவருக்கு மனசு வரல. உள்ள மட்டும் பச்சப்புள்ளை மாதிரி பாத்துருக்காரு. இதுதான் எனக்கு" என்றார் கலையரசி.

"சுட்டாத்தான தெரியும்..." என்று முனகினான் கண்ணன்.

எழுத்து வேலைகள் முடிந்ததும் நேராக, திருப்பரங்குன்றம் தாண்டி இருக்கும் கிளப்புக்குப் போனோம். கலையரசி ஒற்றைக் கையை நீட்டி நின்றார். மூச்சு அடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் மூச்சை மறந்தோம். அந்தக் கை கல்லாகிவிட்டதோ? ஐந்து குண்டுகள்... அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால், நட்டநடுவில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன!

கண்ணன் அட்டையை வாங்கி ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பிஸ்டலையா, கலையரசியையா... இன்னும் தெரியவில்லை.

வண்டியூரில் அவர்கள் வீட்டு வாசலில் கண்ணனின் அம்மா தயாராக நின்றார். கையில் சந்தனக் கிண்ணம்!

"மொத மொத வாங்கிட்டு வந்துருக்கீக. எடு தாயி, ஒரு பொட்டு வச்சிருவோம்."

கண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கலையரசி சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து அந்த மூன்று புள்ளிகளைக் காட்டினார். "அதுக்கு ஏற்கெனவே வச்சாச்சு அத்தே!"

அத்தை குனிந்து பார்த்தார். குழைத்த சந்தனத்தை வீணாக்குவாரா? மருமகளின் வலது கையைப் பிடித்து இழுத்தார். புறங்கையில் பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

கைக்குத் துருப்பிடிக்காது... தாராளமாக வைக்கலாம்!